சின்ன ஆபீஸ் பேக்கப்: தொழிலுக்குப் புதியவர்களுக்கு

பத்து கம்ப்யூட்டர், ஒரு சர்வர், மூலையில் ஒரு சுவிட்ச், அதன்மேல் தூசி. ஆடிட்டர் ஆபீஸ், நூல் வியாபாரி, ஸ்கேன் சென்டர், மெட்ரிக் பள்ளி அலுவலகம் என்று நம் ஊர்களில் நெட்வொர்க் என்றால் பெரும்பாலும் இதுதான். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளவென்று சம்பளத்துக்கு ஆள் கிடையாது. கூப்பிட்டால் போகிறவர்கள் நாம். பெரிய கம்பெனிகளுக்கு எழுதிய பேக்கப் பாடங்களை இங்கே அப்படியே இறக்கினால் ஆறு மாதத்தில் எல்லாம் நின்றுபோகும். அதனால் இந்தத் தொழிலில் புதிதாகக் கால் வைக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வரிசை முக்கியம். முதல் மூன்றைத் தாண்டாமல் ஏழாவதுக்குப் போகாதீர்கள். எல்லோரும் ஏழாவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

1. எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டுக்கொண்டு வராதீர்கள். திரும்ப எடுக்கப்போவது யார் என்று முதலில் கேளுங்கள். திங்கட்கிழமை காலை சர்வர் எழவில்லை. நீங்கள் வெளியூரில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறீர்கள். ஆபீசில் கணக்கு எழுதும் அக்கா மட்டும் இருக்கிறார். போனில் நீங்கள் சொல்லச் சொல்ல, சனிக்கிழமை கணக்கை அவர் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் அது பேக்கப். முடியவில்லை என்றால், இத்தனை நாள் நீங்கள் உங்கள் திருப்திக்கு ஏதோ ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம். கருவியோ டிஸ்கோ நேர அட்டவணையோ, எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த அக்காவை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். நான் இங்கே சொல்லப்போகிற பாதி விஷயங்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

2. எது எங்கே இருக்கிறது என்று நடந்து பாருங்கள். முதலாளியைக் கேட்டால் “எல்லாம் சர்வர்லதான் தம்பி இருக்கு” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு மேசையிலும் பத்து நிமிடம் உட்காருங்கள். டெஸ்க்டாப் முழுக்க எக்செல் ஃபைல்கள் கிடக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மூன்று வருட ஜிஎஸ்டி ரிட்டர்ன் கிடக்கும். பழைய மெயில் எல்லாம் அவுட்லுக்கின் ஒரே ஒரு பிஎஸ்டி ஃபைலில் அடைந்து கிடக்கும். டாலியின் டேட்டா எந்த டிரைவில் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று இடம் காட்டுவார்கள். எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்களைத் திறந்து, எது எந்தக் கம்பெனி, எது கடைசியாக எப்போது மாறியது என்று தேதியைப் பாருங்கள். இரண்டு வருடமாக யாரும் தொடாத பழைய பிரதியைத் தினமும் பக்தியாக பேக்கப் எடுக்கிற ஆபீசுகள் உண்டு.

ஃபைல் அல்லாதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: ரூட்டர் செட்டிங், மென்பொருள் லைசென்ஸ் எண்கள், பில்லிங் மென்பொருளின் இன்ஸ்டாலர், வருகைப்பதிவு மெஷினின் டேட்டாபேஸ். டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கனை நகலெடுக்க முடியாது; அது தொலைந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சிசிடிவி பதிவை பேக்கப்பில் சேர்க்காதீர்கள். யாராவது கட்டாயம் கேட்பார்கள். டிஸ்க் ஒரு வாரத்தில் நிரம்பிவிடும்.

3. அடுத்து இரண்டு கேள்விகள், இரண்டும் முதலாளியிடம். எவ்வளவு நேர வேலை போனால் பரவாயில்லை? எவ்வளவு நேரம் ஆபீஸ் சும்மா இருந்தால் தாங்கும்? பெரிய கம்பெனிகளில் இதற்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் வைத்திருக்கிறார்கள். நமக்கு அவை வேண்டாம். “நேற்று மத்தியானத்துக்குப் பிறகு போட்ட பில் எல்லாம் போச்சுன்னா என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். நூல் வியாபாரி, “டெலிவரி சலான் கையில இருக்கு, திரும்பப் போட்டுக்குவோம்” என்பார். ஸ்கேன் சென்டர்காரருக்கு முகம் மாறிவிடும். நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டு ஸ்கேன் எடுக்க முடியாது. பதில் வேறு என்றால் ஏற்பாடும் வேறு, செலவும் வேறு. ஒரே ஆபீசிலும் காலத்தைப் பொறுத்துப் பதில் மாறும். ஆடிட்டர் ஆபீசில் ஜூன் மாதம் ஒரு நாள் போனால் டீ குடித்துவிட்டு வருவார்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு மணி நேரம் போனால் உங்களைப் பிய்த்துவிடுவார்கள்.

சட்டமும் சில விஷயங்களை முடிவு செய்துவிட்டது. பதிவு பெற்ற கம்பெனி என்றால், மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைக்க வேண்டும். அதற்கு முன் ‘அவ்வப்போது’ என்று இருந்ததை 2022 ஆகஸ்டில் ‘தினமும்’ என்று மாற்றினார்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் கட்ட வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். அதாவது கடைசி ஒரு வாரப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு ‘பேக்கப் இருக்கிறது’ என்று சொல்ல முடியாது.

4. ரெய்டு பேக்கப் ஆகாது. இரண்டு டிஸ்கில் ஒரே சமயத்தில் எழுதுவது லாரியில் ஸ்டெப்னி வைத்திருப்பது மாதிரி: பஞ்சர் ஆனால் வண்டி நிற்காது, வண்டியே திருடுபோனால் ஸ்டெப்னியும் சேர்ந்து போகும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரி சிங்க் ஆகிற சேவைகளும் அப்படித்தான். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும். கூகுள் டிரைவில் அது 30 நாள். ஏப்ரலில் தெரியாமல் அழித்த ஃபோல்டரை ஆகஸ்டில் தேடுகிறவருக்கு அதனால் பயனில்லை.

5. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். 3-2-1 என்று உலகம் முழுக்கச் சொல்கிற இந்தக் கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். கம்ப்யூட்டர்காரர் அல்ல, எடுத்த படம் போனால் திரும்ப எடுக்க முடியாத தொழில் செய்தவர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். நம் ஆபீசுக்கு இதை இப்படிப் படியுங்கள்: வேலை நடக்கிற டேட்டா ஒன்று, அதே ஆபீசில் நாஸ் பெட்டியிலோ பழைய கம்ப்யூட்டரிலோ இரண்டாவது, கட்டடத்துக்கு வெளியே மூன்றாவது.

வெளியே என்றால் உண்மையிலேயே வெளியே. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து, ஒரு கட்டடம் முழுவதும் எரிந்தது. பேக்கப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்த சிலருக்கு, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நமக்குத் தீயைவிடத் தண்ணீர்தான் பயம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கமும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் தரைத்தளத்து ஆபீசுகள் மூழ்கின. சர்வர் தரையில், நாஸ் அதற்குப் பக்கத்து மேசைக்கு அடியில் என்று இருந்த இடங்களில் 3-2-1 எல்லாம் ஒரே மாலையில் பூஜ்யம். எனவே உயரம் பாருங்கள். மூன்றாவது பிரதியை முதலாளி வீட்டில் வைப்பது எளிது. ஆனால் வீடு அதே தெருவில், அதே பள்ளத்தில் என்றால் வேறு இடம் தேடுங்கள். மாடியில் இருக்கும் உறவினர் வீட்டுப் பீரோ, பேங்க் லாக்கர், எதுவானாலும் சரி.

6. வைரஸ் எழுதக்கூடிய இடத்தில் இருப்பதை பேக்கப்பாக எண்ணாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று சின்ன ஆபீசுகளின் டேட்டா போவதற்கு டிஸ்க் பழுதைவிட நான் அதிகம் அஞ்சுவது ரான்சம்வேரைத்தான். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றை வாங்கி சர்வரின் பின்னால் செருகி, ‘இ டிரைவ்’ என்று விட்டுவிட்டுப் போகிறோம். சர்வரில் புகுந்த ரான்சம்வேர் சி, டி, இ என்று வரிசையாகப் பூட்டிக்கொண்டே போகும். நெட்வொர்க்கில் மேப் செய்த டிரைவ்களையும் விடாது. நாஸ் பெட்டியை எல்லோரும் எழுதும்படித் திறந்து வைத்திருந்தால் அதுவும் போயிற்று. நம் ஊரில் இது எப்படி நுழைகிறது தெரியுமா? பெரிய ஹேக்கர் யாரும் வரவேண்டியதில்லை. ஃபோட்டோஷாப்புக்கோ விண்டோஸுக்கோ கிராக் தேடி யாரோ இறக்கிய ஒரு ஃபைல் போதும். ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் குடும்பம் பரவியதே பெரும்பாலும் அந்த வழியில்தான்.

அதனால் மூன்று பழக்கங்கள். ஒன்று, இரண்டு டிஸ்க் வாங்குங்கள், ஒன்று எப்போதும் கழற்றிக் கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை மாற்றி மாற்றிச் செருகுவது அக்காவின் வேலை. ஒரு டிஸ்கில் சிவப்பு ஸ்டிக்கர், இன்னொன்றில் பச்சை. இரண்டு, சர்வர் போய் பேக்கப் பெட்டியில் எழுதுவதைவிட, பேக்கப் பெட்டி வந்து சர்வரிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது. பெட்டியின் பாஸ்வேர்டு எந்த மேசையிலும் இல்லையென்றால், மேசையில் புகுந்தது பெட்டிக்குப் போக முடியாது. மூன்று, பேக்கப்புக்குத் தனி யூசர், தனி பாஸ்வேர்டு. அட்மின் பாஸ்வேர்டையே அங்கேயும் போட்டால் பூட்டு இரண்டு, சாவி ஒன்று.

கிளவுடில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் மற்றவர்களின் நிரல்களைப் பாதுகாத்துத் தரும் தொழிலையே செய்தது. 2014 ஜூனில் ஒருவன் அவர்களுடைய அமேசான் கிளவுட் கட்டுப்பாட்டுக்குள் நுழைந்து, டேட்டாவோடு பேக்கப்பையும் அழித்தான். எல்லாம் ஒரே கணக்கின்கீழ் இருந்தது. நிறுவனம் கடையை மூடியது. மெர்ஸ்க் கதை இதற்கு நேர் எதிர். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது, அந்தக் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகம் முழுக்க அழிந்தன. ஒன்றன் நகலாக மற்றொன்று இருக்கிறதே, போதும் என்று இருந்திருக்கிறார்கள். மிஞ்சியது கானா நாட்டில் ஒன்று, அதுவும் அங்கே அந்த நேரம் கரண்ட் இல்லாமல் அணைந்து கிடந்ததால். மின்வெட்டை நாம் திட்டாத நாளில்லை. அன்று ஒரு பன்னாட்டுக் கம்பெனியை அது காப்பாற்றியது. கழற்றி வைத்த டிஸ்க் என்று நான் சொல்வதும் அந்த மின்வெட்டைத்தான், திட்டமிட்டுச் செய்யச் சொல்கிறேன்.

7. இப்போது கருவிக்கு வரலாம். எந்தக் கருவியானாலும் நான் வைக்கும் தேர்வு ஒன்றுதான்: பேக்கப் டிஸ்கைக் கழற்றி, அந்த மென்பொருள் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால் ஃபைலைத் திறக்க முடிகிறதா? முடிகிறதென்றால் நூற்றுக்கு அறுபது மார்க் அங்கேயே போட்டுவிடுவேன். முடியாதென்றால், அந்தக் குறையை ஈடுகட்ட அது வேறு என்ன தருகிறது என்று கேட்பேன்.

அந்தத் தேர்வில் முதலிடம் ஆர்சிங்குக்கு. 1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் எழுதியது, இன்றுவரை ஓடுகிறது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். அதன் ‘லிங்க்-டெஸ்ட்’ வசதியைப் போட்டால், தினம் ஒரு தேதி பெயரில் ஃபோல்டர் உருவாகும். ஒவ்வொன்றும் முழுப் பிரதி போலத் தெரியும், மாறாத ஃபைல்கள் டிஸ்கில் ஒரு முறை மட்டுமே இடம் பிடிக்கும். அக்காவிடம் “நேற்றைய தேதி ஃபோல்டரைத் திற” என்று சொன்னால் போதும். இதையே எளிதாக அமைத்துக் கொடுப்பது ஆர்ஸ்னாப்ஷாட். இரண்டு எச்சரிக்கை. டிஸ்க் எக்ஸ்ஃபேட் வடிவத்தில் இருந்தால் இந்த லிங்க் வேலை செய்யாது. ‘டிலீட்’ என்ற கட்டளையைச் சேர்த்து ஒரே ஃபோல்டரின்மேல் தினமும் ஓட்டினால், அங்கே அழிந்தது இங்கேயும் அழியும்; நான்காவதில் சொன்ன சிங்க் கதைதான்.

விண்டோஸ் மட்டுமே இருக்கும் ஆபீசில் யூஆர்பேக்கப் எனக்குப் பிடிக்கும். இலவசம், திறந்த மூலம். ஒரு கம்ப்யூட்டரை அதற்கென்று ஒதுக்கி, மற்றவற்றில் ஒரு சின்ன கிளையன்ட் போட்டால் ஃபைல் பேக்கப்பும் எடுக்கும், முழு டிஸ்க் இமேஜும் எடுக்கும். எது ஓடியது, எது ஓடவில்லை என்று பிரவுசரில் பச்சை சிவப்பாகக் காட்டும். வீம் நிறுவனத்தின் இலவச ஏஜென்ட், ஒரு முக்கியமான கம்ப்யூட்டரை அப்படியே புது டிஸ்கில் எழுப்புவதற்கு நல்லது. பேக்கப்பிசி 2001 முதல் இருக்கிறது. கிளையன்ட் எதுவும் போடாமல் விண்டோஸ் ஷேர் வழியாகவே எடுத்துக்கொள்ளும், பல கம்ப்யூட்டர்களில் ஒரே ஃபைல் இருந்தால் ஒரு முறைதான் சேமிக்கும். அமைக்கக் கொஞ்சம் லினக்ஸ் பழக்கம் வேண்டும்.

போர்க், ரெஸ்டிக் இரண்டும் கெட்டிக்காரக் கருவிகள். திரும்பத் திரும்ப வருவதை நீக்கிச் சேமிக்கும், என்கிரிப்ட் செய்யும், எத்தனை நாள் பழையதையும் காட்டும். வெளியிடத்துக்கு அனுப்ப இவைதான் சரி. ஆனால் என் தேர்வில் இவை தோற்கும்: அந்த மென்பொருளும் பாஸ்வேர்டும் இல்லாமல் டிஸ்கில் இருப்பது வெறும் குப்பை. பாஸ்வேர்டு தொலைந்தால் அதை எழுதியவர்களாலும் திறக்க முடியாது. எனவே ஆபீசுக்குள் ஆர்சிங்க் அல்லது யூஆர்பேக்கப், வெளியே ரெஸ்டிக் என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

பாக்குலா, அமாண்டா பற்றிப் படித்திருப்பீர்கள். பல்கலைக்கழகம், டேப் நூலகம், நூற்றுக்கணக்கான சர்வர் என்றால் அவற்றுக்கு நிகரில்லை. பத்து கம்ப்யூட்டருக்கு பாக்குலா போட்டால் டைரக்டர், ஸ்டோரேஜ் டீமன், ஃபைல் டீமன், இவற்றுக்கு மேல் எது எங்கே என்று எழுதிவைக்கும் ஒரு டேட்டாபேஸ் என்று நான்கைக் கட்டி மேய்க்க வேண்டும். அந்த டேட்டாபேஸ் போனால் பேக்கப்பைப் படித்து அதைத் திரும்பக் கட்டுவதே ஒரு வேலை. உங்கள் ரெஸ்யூமேவுக்கு அழகாக இருக்கும். அக்காவுக்கு ஆகாது.

8. ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாபேஸை நகலெடுக்காதீர்கள். நான்கு பேர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது டேட்டா ஃபோல்டரை காப்பி செய்தால், பாதி ஃபைல் பழையதாகவும் பாதி புதியதாகவும் வரும். காப்பி ஆனதாகக் காட்டும், திறக்கும்போதுதான் குட்டு உடையும். டாலிக்கு அதனுள்ளேயே பேக்கப் இருக்கிறது; இல்லையென்றால் எல்லோரும் வெளியே வந்தபின் எடுங்கள். விண்டோஸின் ஷேடோ காப்பி வசதியைப் பயன்படுத்தும் கருவிகள் ஒரு நொடியின் படத்தை உறையவைத்து எடுக்கும்; அதுவும் பரவாயில்லை. மைசீக்குவல் என்றால் டம்ப் எடுத்து அந்த டம்பை பேக்கப் செய்யுங்கள். பல பில்லிங் மென்பொருள்கள் மைக்ரோசாஃப்டின் இலவச எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸை வைத்து ஓடுகின்றன. அதில் தானாக நேரம் வைத்து ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நீங்கள்தான் அமைக்க வேண்டும். இதைத் தெரியாமல் ‘எஸ்க்யூஎல் பேக்கப் ஆன் பண்ணியாச்சு’ என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

இன்னொன்று. டாலியின் சில புது வெளியீடுகள் டேட்டாவைப் புது வடிவத்துக்கு மாற்றிவிடும், பிறகு பழையதில் திறக்காது. டேட்டாவோடு அதைத் திறக்கும் பதிப்பின் இன்ஸ்டாலரையும் சேர்த்து வையுங்கள்.

9. பேக்கப் வகைகளில் முழுசு, டிஃபரன்ஷியல், இன்கிரிமென்டல் என்று மூன்று உண்டு. ஞாயிறு முழுசு எடுத்து, தினமும் முந்தைய நாளிலிருந்து மாறியதை மட்டும் எடுத்தால் அது இன்கிரிமென்டல். இடம் குறைவு, ஆனால் சனிக்கிழமை நிலைக்குத் திரும்ப ஏழையும் வரிசையாகப் போட வேண்டும், நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் வீண். ஞாயிறிலிருந்து மாறியது அனைத்தையும் தினமும் எடுத்தால் டிஃபரன்ஷியல்; திரும்ப எடுக்க இரண்டு போதும். கையால் ரெஸ்டோர் செய்கிற இடத்தில் டிஃபரன்ஷியல்தான். மேலே சொன்ன புதுக் கருவிகளில் இந்தக் கணக்கை அவையே பார்த்துக்கொள்ளும்.

எத்தனை நாள் வைப்பது? தாத்தா, அப்பா, மகன் என்று ஒரு பழைய முறை இருக்கிறது: தினப் பிரதி ஒரு வாரம், வாரப் பிரதி ஒரு மாதம், மாதப் பிரதி ஒரு வருடம். நான் கூடுதலாக மார்ச் 31 பிரதியைத் தனியாக எடுத்து, எழுத முடியாதபடி பூட்டி, ஜிஎஸ்டி கெடு தீரும்வரை வைப்பேன். உலக பேக்கப் நாள் என்று 2011 முதல் கொண்டாடுவதும் அதே மார்ச் 31தான். அதை ஆரம்பித்தவர்கள் நம் கணக்கு வருடத்தை நினைத்து வைக்கவில்லை, ஆனாலும் ஆடிட்டர் ஆபீசில் சொன்னால் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

10. கிளவுடுக்கு முன் ஒரு பெருக்கல் போடுங்கள். அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால், ஒரு டெராபைட் மேலே போக நான்கரை நாளுக்கு மேல் ஆகும், அதுவும் வேறு யாரும் இணையத்தைத் தொடாமல் இருந்தால். அதே டெராபைட்டை யுஎஸ்பி 3 டிஸ்கிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் எடுத்துவிடலாம். திரும்ப இறக்கவும் நேரம் ஆகும் என்பதை விற்பனைக்காரர் சொல்லமாட்டார். எனவே டாலி டேட்டா, எக்செல், கடிதங்கள் என்று சில ஜிபி இருப்பதை தினமும் கிளவுடுக்கு அனுப்புங்கள். ஸ்கேன் படங்கள் மாதிரிப் பெரியவற்றைக் கழற்றும் டிஸ்கில் கொண்டுபோங்கள். அனுப்பும் முன்பே என்கிரிப்ட் செய்யுங்கள். சில காலத்துக்கு யாராலும் அழிக்க முடியாதபடிப் பூட்டும் வசதி கிளவுட் சேவைகளில் உண்டு. இருந்தால் ஆன் செய்துவிடுங்கள், கோட் ஸ்பேசஸ் கதி வராது.

11. இரவு ஒரு மணிக்கு பேக்கப் நேரம் வைக்காதீர்கள். புத்தகம் அப்படித்தான் சொல்லும். நம் ஊரில் ஆபீஸ் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வையுங்கள்.

12. பேக்கப் ஓடியது என்று தினமும் ஒரு செய்தி வர வேண்டும். ஓடவில்லை என்றால் மட்டும் செய்தி வரட்டும் என்று அமைப்பது ஆபத்து, ஏனென்றால் அந்தச் செய்தி அனுப்பும் வழியே அடைபட்டுப்போனால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். கிட்லேப் என்ற பெரிய நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்தது இதுதான். ஒரு பொறியாளர் இரவு நேர அலுப்பில், இரண்டாவது சர்வர் என்று நினைத்து முதல் சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிக்கும் கட்டளை கொடுத்தார். நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்புக்கும் ரெப்ளிகேஷனுக்கும் சேர்த்து ஐந்து வழி வைத்திருந்தார்கள். தினமும் ஓட வேண்டிய டம்ப், தவறான பதிப்பு மென்பொருளால் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மெயில்களை, போலி மெயில் தடுக்கும் பாதுகாப்பு நிராகரித்துக்கொண்டே இருந்தது. கிளவுடில் இருக்க வேண்டிய பிரதியைப் போய்ப் பார்த்தால் காலி. காப்பாற்றியது, சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட். அந்த ஆறு மணி நேர டேட்டா திரும்பவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டி, என்ன நடந்தது என்பதையும் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

நமக்கு இதில் வேலை எளிது. அக்காவின் மேசையில் ஒரு நோட்டு. தினமும் மாலை கடைசி பேக்கப் தேதியையும் அளவையும் பார்த்து எழுதட்டும். நேற்று 2.1 ஜிபி, இன்று 40 எம்பி என்றால் அவரே போன் செய்வார். எந்தக் கண்காணிப்பு மென்பொருளையும்விட இதை நம்புகிறேன்.

13. திரும்ப எடுத்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை, யாராவது ஒருவரிடம் “மூன்று வாரத்துக்கு முன்னால் உள்ள ஏதாவது ஒரு ஃபைல் பேர் சொல்லுங்க” என்று கேட்டு, அதை எடுத்துக் காட்டுங்கள். பழைய இடத்திலேயே எழுதாமல் வேறு ஃபோல்டரில் எடுங்கள். சோதனை செய்கிறேன் என்று நல்ல ஃபைல்மேல் பழைய ஃபைலை எழுதியவர்கள் உண்டு. வருடம் ஒரு முறை, ஒரு உபரிக் கம்ப்யூட்டரில் சர்வரை முழுதாக எழுப்பி, டாலியைத் திறந்து, கடைசி வவுச்சர் வரை வந்திருக்கிறதா என்று அக்காவையே பார்க்கச் சொல்லுங்கள். கடிகாரம் பார்த்து எத்தனை மணி நேரம் ஆனது என்று குறியுங்கள். மூன்றாவதில் முதலாளி சொன்ன பதிலோடு அதை ஒப்பிட்டால், ஏற்பாடு போதுமா என்று தெரிந்துவிடும்.

இதைச் செய்யாதவர்களின் பட்டியலில் பிக்சாரும் உண்டு. 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. பேக்கப்பைத் தேடினால் அதுவும் சரியாக ஓடியிருக்கவில்லை. கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக ஒரு பிரதியை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்ததால் படம் பிழைத்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி காரில் எடுத்து வந்தார்கள். அதுதான் அவர்களுடைய வெளியிடப் பிரதி என்று ஆகிப்போனது.

ரான்சம்வேர் வந்த இடத்தில் ரெஸ்டோர் என்றால் இன்னும் கவனம். நோய் இருக்கும் கம்ப்யூட்டரில் நல்ல டிஸ்கைச் செருகாதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். சர்வரைத் துடைத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, பிறகுதான் டிஸ்க்.

14. ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். எந்த டிஸ்க் எங்கே, எந்த நாள் எதை மாற்ற வேண்டும், ஃபைல் ஒன்று போனால் என்ன செய்ய வேண்டும், சர்வரே போனால் யாரைக் கூப்பிட வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், ஸ்கிரீன் படங்களோடு. அச்சடித்து ஒட்டுங்கள், சர்வருக்குள் வைத்தால் சர்வர் போகும்போது அதுவும் போகும். என்கிரிப்ஷன் பாஸ்வேர்டு மட்டும் அதில் வேண்டாம். கவரில் போட்டு ஒட்டி, முதலாளி வீட்டு லாக்கருக்கு ஒன்று, ஆடிட்டரிடம் ஒன்று. உங்களிடம் மட்டும் இருக்கவே கூடாது. நாளைக்கு உங்களுக்கே ஒன்று ஆகிவிட்டால் அவர்கள் பாவம்.

டிஸ்குக்கும் ஆயுசு உண்டு. லட்சக்கணக்கான டிஸ்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் கணக்கை வெளியிடுகிறது. சமீப வருடங்களில் அவர்களிடம் நூறில் ஒன்று, இரண்டு டிஸ்க் ஒவ்வொரு வருடமும் பழுதாகியிருக்கிறது. அது குளிரூட்டிய டேட்டா சென்டரில். கைப்பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப்போகிற டிஸ்குக்கு அதைவிடக் குறைந்த ஆயுசையே எதிர்பாருங்கள். வாங்கிய தேதியை ஸ்டிக்கரில் எழுதி, நான்கைந்து வருடத்தில் மாற்றுங்கள்.

15. பணம். பேக்கப்பை சர்வர் பில்லுக்குள் ஒளித்துவைக்காதீர்கள். தனி வரியாகப் போடுங்கள்: இரண்டு டிஸ்க், ஒரு நாஸ் பெட்டி அல்லது பழைய கம்ப்யூட்டர், அமைக்கும் கூலி, மாதம் ஒரு முறை வந்து சோதிக்கும் கூலி. கடைசி வரியைத்தான் முதலில் வெட்டுவார்கள். டிஸ்கில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பேரம் பேசினாலும் சோதனையை விட்டுக்கொடுக்காதீர்கள். “இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல தம்பி, எதுக்கு வீண் செலவு” என்று முழுதாகவே மறுத்தால், சண்டை போடாமல், எதையெல்லாம் பரிந்துரைத்தீர்கள், எது வேண்டாம் என்றார் என்பதை நான்கு வரியில் எழுதி, தேதி போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இரண்டு நீல டிக் வரும்வரை காத்திருங்கள். அனேகமாக அடுத்த வாரமே கூப்பிடுவார். எழுத்தில் பார்க்கும்போது விஷயம் வேறு மாதிரித் தெரியும்.